சொட்டு நீலம் சொன்ன சாட்சி

சிக்கனத்தில் சிறந்தவர்கள் ஆண்களாம். எதிரணி ஐயா சொல்லிட்டுப் போறாரு. 2019 ஜூன் மாதம். செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளே வறண்டு, தாம்பரத்துல நாங்க தண்ணி லாரிக்குக் குடத்தோட காத்துக் கிடக்குறோம். வீட்டுல ராத்திரியெல்லாம் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க் 'சொய்ங்'குன்னு இரையுது! "புது டேங்கே மாத்திடுவோம்"னாரு வீட்டுக்காரர்.

நான் டேங்குல நாலு சொட்டு நீலம் விட்டேன். அரை மணி நேரம் யாரும் அமுக்கலை. கோப்பையில நீலம் இறங்கியிருக்கு! மிதவை கெட்டிருந்தா தண்ணி மேலேறி வழியும். இங்கே மட்டம் கீழே இறங்குது. அப்போ அடி வாஷர்தானே? கழற்றினேன். போர் தண்ணி உப்பு படிஞ்சு, ரப்பரே வெடிச்சிருந்தது. புது வாஷர் போட்டதும் சத்தம் நின்னுச்சு.

ஐயா எட்டிப் பார்த்தாரு. பாராட்டப் போறாருன்னு நிமிர்ந்தேன். "என் வெள்ளை வேட்டிக்கு நீலம் மிச்சம் இருக்கா?"ங்கிறாரு!