இரத்தச் சோதனை சொல்லாதது

ஷா ஆலமில் 50 வயதைத் தாண்டிய ஒருவர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'சி.ஆர்.பி.' அளவு சரியாக இருக்கிறது. "குடலில் ஒன்றுமில்லை" என்று நிம்மதி அடைகிறார். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

சி.ஆர்.பி. என்பது உடலில் எங்கு அழற்சி ஏற்பட்டாலும் கல்லீரல் சுரக்கும் புரதம். 1930-இல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்டது. பல் ஈறு வீங்கினாலும், உடல் பருத்தாலும்கூட அது கூடலாம். பெருங்குடலில் முளைக்கும் 'பாலிப்' எனும் சதை வளர்ச்சிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தவர்களுக்கு ஒரே விடை கிடைக்கவில்லை. பாலிப் இருந்தும் அளவு சரியாகவே இருக்கலாம்.

பாலிப் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் வரை ஆகும். அதற்குள் கொலோனோஸ்கோப்பி எனும் குழாய்ப் பரிசோதனையின்போதே அதை அகற்றிவிடலாம். ஆனால் மலேசியாவில் 2012 முதல் 2016 வரை பதிவான பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் பத்தில் சுமார் ஏழு, மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் தெரியவந்தன.

50 வயதானவர்கள் அரசாங்கக் கிளினிக்கில், மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காட்டும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். இரத்தம் தெரிந்தால் குழாய்ப் பரிசோதனைக்குத் தயங்கக் கூடாது. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்திருந்தால் 50 வயது வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மலச் சோதனைக்கு வெட்கப்பட்டு உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.