கொழுக்கட்டைப்புல்லும் ஒரு பூஞ்சையும்

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப்புல் ஒரு சொத்து. கிளுவை வேலிக்குள், வெள்வேல மர நிழலில், மழை பொய்த்த ஆண்டிலும் தூரில் உயிரைப் பிடித்துக்கொண்டு மாடுகளுக்குத் தீனி தருகிறது. அதே புல்லை அமெரிக்காவின் அரிசோனாவில் கடப்பாரை கொண்டு பெயர்த்தெடுக்கிறார்கள்.

மேய்ச்சலுக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் 1930களில் அங்கே கொண்டுபோகப்பட்ட புல் இது. அங்குள்ள சொனோரா பாலைவனத்தில் செடிக்குச் செடி வெறும் மண்தான்; தீப்பிடித்தாலும் தாவிப் பரவ வழியில்லை. அந்த வெற்றிடத்தைக் கொழுக்கட்டைப்புல் அடைத்துக்கொண்டது. கோடையில் காய்ந்து எரிகிறது. எரிந்த பிறகும் தூர் துளிர்க்கிறது. சகுவாரோ கள்ளியால் அது முடியாது. முதல் கிளை விடவே 50 ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் அந்த நெடுங்கள்ளி, வெந்தால் போனதுதான். இந்த இழப்பை எந்த நாற்றங்காலும் ஒரு தலைமுறைக்குள் ஈடுகட்டாது.

கிளைபோசேட் களைக்கொல்லி தெளிக்கலாம். ஆனால் புல் பச்சையாக இருக்கும் சில வாரங்களில்தான் அது வேலை செய்யும். மேலே பட்டால் பக்கத்துச் செடியையும் கொல்லும்.

இங்கேதான் பூஞ்சை வருகிறது. கருகல் நோய் கண்ட கொழுக்கட்டைப்புல் இலைகளிலிருந்து காக்லியோபோலஸ் ஆஸ்திரேலியன்சிஸ் என்ற பூஞ்சையை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். இலையைக் கருக வைக்க அது சுரக்கும் நஞ்சுகளில் ஒன்று ராடிசினின். இத்தாலியின் நேப்பிள்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்களும் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்களும் சேர்ந்து அதைச் சோதித்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ராடிசினின் பட்ட கொழுக்கட்டைப்புல் இலை கருகியது. அரிசோனா மண்ணுக்கே உரிய வேறொரு புல்லின் இலைக்குப் பாதிப்பு குறைவு. விலங்குகளுக்குத் தீங்கா என்று பார்க்கச் சோதித்த வரிக்குதிரை மீனின் கருக்களும் பிழைத்துக்கொண்டன.

பூஞ்சையையே தூவிவிட்டால் என்ன? உயிருள்ள பூஞ்சை முளைக்க இலையில் ஈரம் வேண்டும். பாலைவனத்தில் அதற்கு எங்கே போவது! நஞ்சை மட்டும் பிரித்தெடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

வேறொரு சிக்கல் உண்டு: அளவு. இலைத் துண்டில் சொட்டுவிட்டுப் பார்க்கக் கொஞ்சம் போதும். மலைச்சரிவு முழுக்கத் தெளிக்க நிறைய வேண்டும். அதனால் எதில் வளர்த்தால் பூஞ்சை கூடுதலாக ராடிசினின் தரும் என்று அதே குழுவினர் தேடினார்கள். இலையில் அது எப்படி ஒட்டி, ஊடுருவி, தூர்வரை சென்று கொல்லும் என்பதும் அடுத்த வேலை. தூர் பிழைத்தால் புல் பிழைத்துவிடும்.

அதுவரை, டூசான் நகரை ஒட்டிய சகுவாரோ தேசியப் பூங்காவின் பாறைச்சரிவுகளில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு தூராகப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.