நீனா சிமோனின் பிறந்தநாளும் முன்வரிசை நாற்காலிகளும்



மறைந்த இசைக்கலைஞரின் பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவது என்று பேசச் சொன்னார்கள். படத்துக்கு மாலை, கேக், இரவு முழுக்க ஒலிபெருக்கியில் பாட்டு. இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான், தவறும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கறுப்பினப் பாடகி நீனா சிமோனை வைத்து இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்ஸ் தோழர்கள் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தங்கள் இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். அந்த உறவில் நீனாவும் நமக்கு உறவுதான்.

1933 பிப்ரவரி 21 அன்று வட கரோலினா மாநிலத்தின் ட்ரையன் என்ற சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் யூனிஸ் வேமன். எட்டுப் பிள்ளைகளில் ஆறாவது. அம்மா மெதடிஸ்ட் போதகர். வெள்ளையர் வீட்டில் வேலையும் செய்தார். அந்த வீட்டுக்கார அம்மாள் பியானோ வகுப்புக்குப் பணம் கட்டினார். பிறகு ஊரார் நிதி திரட்டினார்கள்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஊர் நூலகத்தில் கச்சேரி. மகள் வாசிப்பதைப் பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவையும் அம்மாவையும், வெள்ளையருக்கு இடம் வேண்டும் என்று பின்னால் போகச் சொன்னார்கள். சிறுமி எழுந்து நின்றாள். அவர்கள் முன்னால் உட்கார்ந்தால்தான் வாசிப்பேன் என்றாள். திரும்ப உட்காரவைத்தார்கள். வாசித்தாள்.

1951இல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம்தான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். அதை மறுப்பவர்களும் உண்டு. அதே கல்லூரி 2003 ஏப்ரலில் கௌரவப் பட்டம் அறிவித்தது. இரண்டே நாளில், ஏப்ரல் 21 அன்று, அவர் இறந்துபோனார். நம் மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1963 ஜூனில் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் செத்தார்கள். செய்தி கேட்டதும் நீனா துப்பாக்கி செய்யத்தான் உட்கார்ந்தாராம். தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு பியானோவுக்குப் போனார். ‘மிசிசிப்பி காடேம்’ பிறந்தது. தென் மாநில வானொலி நிலையங்கள் பல அதை ஒலிபரப்ப மறுத்தன.

சரி, பிறந்தநாளுக்கு என்ன செய்யலாம்?

ஒன்று: பாட்டைப் போடுமுன், அது எந்தச் சாவுக்குப் பிறகு எழுதப்பட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கோபத்தைக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் புகழ்வது, அந்தப் பாட்டை வானொலியில் தடுத்ததற்குச் சமம்.

இரண்டு: மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுங்கள். நீனா பிறந்த மூன்று அறை மரவீடு விற்பனைக்கு வந்தபோது, 2017இல் நான்கு கறுப்பின ஓவியர்கள் சேர்ந்து 95,000 டாலருக்கு வாங்கினார்கள். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் நம் தெருவில் வாழ்ந்து மறைந்த பறைக் கலைஞரின் பறை எந்தப் பரணில் கிடக்கிறது? அவர் பாடிய கேசட் யாரிடம் இருக்கிறது? அவர் பிறந்த தேதி எத்தனை பேருக்குத் தெரியும்? அதையாவது கேட்டு எழுதிவையுங்கள்.

மூன்று: மாலைக்கும் ஃபிளெக்ஸுக்கும் ஆகும் காசில், சேரிப் பிள்ளை ஒருவருக்கு ஓராண்டு இசை வகுப்புக் கட்டணம் கட்டுங்கள். அந்தப் பிள்ளை அடுத்த பிறந்தநாளில் வாசிக்கட்டும்.

நான்காவதைச் சொல்லத்தான் வந்தேன். நம் விழாக்களிலேயே பார்த்திருக்கிறேன். பறையடிக்கும் தோழர்கள் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்பார்கள். கூட்டம் தொடங்கியதும் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்பார்கள். சாப்பாட்டுப் பந்தியிலும் கடைசி. முன்வரிசையில் என்னைப் போன்ற பேச்சாளர்கள் உட்கார்ந்திருப்போம். நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன், எழுந்ததில்லை. அந்தச் சிறுமி எழுந்தாள்.

வருகிற பிப்ரவரி 21 அன்று எங்காவது நீனாவின் பாட்டைப் போட்டுக் கூடுவீர்கள் என்றால், முதலில் நாற்காலிகளைப் பாருங்கள். கலைஞர்களின் அம்மா அப்பா முன்னால் உட்கார்ந்த பிறகு பாட்டைப் போடுங்கள்.