பயணமும் கைப்போனும்
(புதுவருட விழாவில் ஆற்றிய உரை)



ஒரு காலத்தில் ஊருக்குப் போய் வந்தால் பிலிம் றோல் கழுவ ஒரு கிழமை, கனடாவுக்குத் தபாலில் போய்ச்சேர இன்னும் இரண்டு கிழமை. படம் கிடைக்கும்போது செய்தி ஆறிப்போயிருக்கும். இப்போது பஸ்ஸில் இருந்தபடியே உலகம் முழுக்கப் போட்டுவிடுகிறோம். நானும் அப்படிப் போட்டவன்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருந்தேன். வவுனியா தாண்டக் காலை பத்து மணி. பெரியம்மா போய்விட்டா என்று போன் வந்தது. அழுதபடியே, போனில் இருந்த அவவின் படத்தை எடுத்து இரண்டு வரி எழுதி பேஸ்புக்கில் போட்டேன். துக்கத்தில் செய்ததுதான். ஆனால் அப்போது ரொறன்ரோவில் நள்ளிரவு கழிந்திருந்தது. அவவின் கடைசி மகன் தொழிற்சாலையில் இரவு வேலை. மனைவி காரில் போய், பக்கத்தில் நின்று சொல்லுவம் என்று புறப்பட்டுக்கொண்டிருந்தாவாம். அதற்குள் யாரோ "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எழுத, அது அவனுடைய போனில் மணியடித்துவிட்டது. மெஷினுக்குப் பக்கத்தில் தனியாக நின்று பார்த்திருக்கிறான்.

என்னை அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. வர ஏலாது. செத்தவீட்டை எல்லாரும் பார்க்க லைவ் போடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். அவன் மட்டும், "அண்ணை, அதிலை போடாதேங்கோ, எனக்கு மட்டும் எடுங்கோ" என்றான். வீடியோ கோலில் தலைமாட்டில் பிடித்தேன். "இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ" என்றான். கை நடுங்கியது, பிடித்தேன். அதே போன்தான்.

ஆகவே போனை எறியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பெஹ்ரூஸ் பூச்சானி என்ற குர்திய எழுத்தாளர், 2013-இல் படகில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மானுஸ் தீவில் அடைக்கப்பட்டவர். ஒளித்து வைத்திருந்த கைப்போனில் பாரசீக மொழியில் தட்டித் தட்டி, வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பியே ஒரு புத்தகம் எழுதினார். 2018-இல் வெளிவந்தது. 2019 ஜனவரியில் விக்டோரியா மாநிலத்தின் பெரிய இலக்கியப் பரிசு கிடைத்தபோது, பரிசு வாங்கப் போக அவருக்கு அனுமதியில்லை. வாசித்துப் பாருங்கள், ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர் அனுப்பியது உலகத்துக்குத் தெரியவேண்டியது. நான் போட்டது ஒருவனுக்கு மற்றவர்களுக்கு முன்னம், வேறு விதமாகத் தெரியவேண்டியது.

இன்னுமொன்று. கமெராவுக்கு இடம் அறியும் அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அந்த இடக்குறிப்பு கழன்றுவிடும். அதையே டொக்கியுமென்ற் ஆக அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும். பின்னால் தெரியும் கடைப்பலகையை யாராலும் கழற்ற ஏலாது. படத்தில் நிற்கிறவருக்கு எங்கேயாவது வழக்கு நடக்கலாம், ஊரில் அவரைத் தேடுகிறவர் இருக்கலாம். நமக்கு அது வெறும் கலியாணப்படம். "போடட்டோ?" என்று அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறதையும் எயார்போட்டில் நின்று ஊருக்கு அறிவிக்கத் தேவையில்லை. திரும்பி வந்து போட்டாலும் கடல் அதே கடல்தான்.

கமெராவின் இட அனுமதியை நிறுத்துவதற்கு ஒரு நிமிடம் காணும். தேநீர் இடைவேளையில் பின்மேசையில் இருப்பேன். அம்மாமார் போனைக் கொண்டு வாங்கோ, கண்ணாடியையும் மறக்காமல்.