பழைய மோட்டார் சைக்கிள் நின்றபடி திணறினால்



தோட்டத்தை விட்டுச் செந்தூல் போன்ற இடங்களில் குடியேறிய பின்னும், அப்பா காலத்து ஹொண்டா கப் மோட்டார் சைக்கிளை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. 1958இல் ஜப்பானில் தோன்றிய வண்டி வகை அது. அதன் பழைய வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். கைப்பிடியை முறுக்கினால் அதன் வழி திறக்கும். விட்டால் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போதும் எஞ்சின் அணையாமல் மெதுவாக ஓட வேண்டும். இதையே ஐட்லிங் என்கிறோம்.

சிவப்பு விளக்கில் வண்டி அணைந்துபோனால், சிலர் உடனே ஐட்லிங் திருகாணியை முடுக்கிவிடுகிறார்கள். வண்டி ஓடும், ஆனால் கோளாறு உள்ளேயே இருக்கும், பெட்ரோலும் வீணாகும். ஆகவே முதலில் காரணத்தைத் தேடுங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டு, கைப்பிடியை முறுக்கி விடுங்கள். அது தானாகவே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை தளர்வும் இருக்கலாம். திரும்பாமல் சிக்கினால் கேபிள் வறண்டோ, இழை பிரிந்தோ இருக்கும். அந்த வண்டியில் வேலைக்குப் புறப்படாதீர்கள். ஓடும்போது சிக்கினால், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, பிரேக் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

அடுத்து, சோக் முழுவதும் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கரும்புகை வரும். காற்று வடிகட்டியில் தூசி அடைந்தாலும் அப்படித்தான். பல வாரம் நிறுத்திவைத்த வண்டி திணறினால், பழைய பெட்ரோல் காய்ந்து கார்புரேட்டரின் சிறு துளையை அடைத்திருக்கலாம். கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கேபிள் சரியாக இருந்தும் வேகம் இறங்காமல் இரைந்தால், கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்றுக் கசிகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் சரியான பிறகே, எஞ்சின் சூடேறியதும், திருகாணியைத் தொடுங்கள். எத்தனை சுற்றுத் திருப்பினீர்கள் என்று குறித்துக்கொண்டால், பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, ஆளைக் கொன்றுவிடும். பெட்ரோல் அருகே சிகரெட்டும் அடுப்பும் வேண்டாம்.

கைப்பிடிச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் இன்றே கற்றுக்கொடுங்கள்.