குழந்தையின் மனமும் குடும்ப நலமும்

மும்பை மாநகரின் துறைமுக ரயில் பாதையில் செம்பூரையும் கோவண்டியையும் கடந்து, கடற்கழியைத் தாண்டி நவி மும்பைக்குள் புகுமுன் வருகின்ற நிலையம் மான்குர்த். தாராவியையும் மாட்டுங்காவையும் அறிந்த அளவுக்கு இவ்வூரைத் தமிழ்நாட்டிலுள்ளோர் அறியார். ரயில் பாதையோரக் குடிசைகளிலிருந்தும் விரிவாக்கப்பெற்ற சாலைகளின் ஓரங்களிலிருந்தும் பெயர்க்கப்பட்டு, 225 சதுர அடி வீடுகளில் குடியேற்றப்பெற்ற ஏராளமான குடும்பங்கள் இங்குள்ள லல்லுபாய் காம்பவுண்டு முதலிய குடியிருப்புகளில் வாழ்கின்றன. அவர்களுள் நம்மவரும் உளர். 2009-ஆம் ஆண்டில் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கை, மாநகராட்சியின் 24 வட்டங்களுள் மான்குர்த் அடங்கிய ‘எம் கிழக்கு’ வட்டத்தையே கடைசியில் வைத்தது.

இத்தகைய இடத்தில் வளரும் குழந்தைகளின் மனநலத்தைப் பற்றி நேயர்களோடு சற்றே பேச விரும்புகிறேன். மனநலம் என்ற மாத்திரத்தில் பைத்தியம் என்ற ஒரே சொல்லை நினைத்துக்கொண்டு, பேச்சை மாற்றிவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் போனபாடில்லை. பள்ளிக்குப் புறப்படும் வேளையில் மட்டும் வயிற்றுவலி காணும் பிள்ளை, எட்டு வயதாகியும் படுக்கையை நனைக்கும் பிள்ளை, தந்தையின் குரல் உயர்ந்தால் மூலையில் ஒடுங்கும் சிறுமி, படிப்பில் நன்றாக இருந்து திடீரென வாய் மூடிப்போன பையன் ஆகியோரைப் பற்றியதே நான் கூற வந்தது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனம் 2015-16-இல் நடத்திய ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாகக் கண்டனர். வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால் மூவர் அல்லது நால்வர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இத்துறையில் மும்பைக்கு ஒரு முதன்மை உண்டு. கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர், நாக்பாடாவில் ஏழை மக்களிடையே ஓர் அக்கம்பக்க நிலையத்தை நடத்திவந்தார். அங்கேதான் 1936-இல் சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. மறு ஆண்டே அப்பள்ளி குழந்தைகளுக்கான மனநல வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய முதல் நிலையம் அதுவே. மருத்துவர் குழந்தையைப் பார்ப்பார். உளவியலார் அதன் திறனை அளப்பார். சமூகப் பணியாளர் வீட்டுக்குச் சென்று தாய் தந்தையரோடு பேசுவார். குழந்தையின் துன்பத்தை அதன் வீட்டிலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்பதே அம்முறையின் உட்கருத்து.

அப்பள்ளி பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்று, 1954-இல் மான்குர்த்துக்கு அண்மையிலுள்ள தேவனாருக்குக் குடிபெயர்ந்தது. ஆராய்ச்சிச் சாலையும் அதற்கு அண்டை வீட்டாராக இவ்வட்டத்து மக்களும் அமைந்தது இவ்வாறுதான். அண்டை வீடு என்றால் போக்குவரத்து இருக்கவேண்டும் அன்றோ? 2011-இல் தன் பவள விழா ஆண்டில், ‘எம்’ வட்டத்தின் நிலையை மாற்றுதற்கென்றே அந்நிறுவனம் ஒரு திட்டம் வகுத்து, ஆசிரியரையும் மாணவரையும் குடியிருப்புகளுக்கு அனுப்பிக் கணக்கெடுத்தது. அதற்கு முன்பே வேறு சில முயற்சிகளில் அது கைவைத்திருந்தது. வீட்டில் துன்புறும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ, 1984-இல் மும்பைக் காவல் துறையோடு சேர்ந்து ஒரு தனிப்பிரிவை அமைத்தது. தெருவில் திரியும் சிறுவர்களுக்காக 1996-இல் அதன் சோதனை முயற்சியாக இந்நகரில் பிறந்ததே 1098 என்னும் தொலைபேசிச் சேவை. இன்று அது நாடெங்கும் அரசுகளின் பொறுப்பில் நடைபெறுகிறது. சிறு அளவில் செய்து பார்ப்பது, பயன் கண்டால் அரசின் கையில் ஒப்படைப்பது என்ற இம்முறை எனக்கு மிகவும் உகந்ததாகத் தோன்றுகிறது.

செய்து பார்ப்பதன் அருமைக்குப் பீகாரிலிருந்து ஒரு சான்று கூறலாம். நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில், கோவாவைச் சேர்ந்த சங்காத் என்ற அமைப்பு ஒரு சோதனை நடத்தியது. மாணவர் நலத்தைப் பேணும் பணி சில பள்ளிகளில் ஆசிரியரிடமும், சிலவற்றில் பயிற்சி தரப்பெற்ற, மருத்துவரல்லாத ஆலோசகரிடமும் விடப்பட்டது. 2018-இல் வெளியான முடிவின்படி, ஆலோசகர் பணியாற்றிய பள்ளிகளில் மாணவரின் மனச்சோர்வும், ஒருவரையொருவர் துன்புறுத்துதலும் குறைந்தன. ஆசிரியரிடம் விட்ட பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆசிரியர்கள் வருந்த வேண்டா. பாடமும் தேர்வும் அவர் தோளில் இருக்க, இதையும் ஏற்றினால் நடவாது என்பதை நாமே ஊகித்திருக்கலாம். ஆனால் ஊகம் வேறு, அளந்து அறிவது வேறு.

இனி என் தொழிலோடு தொட்ட ஒரு செய்திக்கு வருகிறேன். அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே என் வேலை. ஆராய்ச்சியாளர் கொண்டுவரும் வினாப்பட்டியலைக் கண்டால், விடையைவிட வினாவின் சொற்களிலேதான் என் கண் செல்லும். இங்கிலாந்தில் ராபர்ட் குட்மன் என்பவர் 1997-இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட பட்டியல் ஒன்று உலகின் பல மொழிகளில் வழங்குகிறது, தமிழிலும் உண்டு. ஒருவர் தமிழாக்க, மூலத்தைக் காணாத மற்றொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவது இத்தகைய பணியில் நல்ல மரபு. அப்படிச் செய்தாலும் ஓரிடத்தில் இடறும். ஓரிடத்தில் நில்லாத குழந்தையைக் குறையுள்ளதாக ஒரு கேள்வி கருதும். நம் வீட்டுப் பாட்டியோ, “பிள்ளை துறுதுறுவென்று இருக்கிறான்” என்று திருஷ்டி கழிப்பாள்! தாயின் முந்தானையை விடாத குழந்தையைப் பாசமுள்ளது என்போம். பட்டியல் அதை அச்சம் என்று எழுதிக்கொள்ளும்.

மறுதலையாக, நம்மிடம் இருந்து பட்டியலில் இடம் பெறாத சொல்லும் உண்டு. ‘ஏக்கம்’ என்பது அத்தகையது. நெல்லைச் சீமையில் பாட்டியிடம் வளர்ந்த குழந்தையைப் பள்ளியில் சேர்க்க மான்குர்த்துக்கு அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளில் அதற்குக் காய்ச்சல் வருகிறது, சோறு இறங்கவில்லை. “பிள்ளை ஏங்கிப் போச்சு” என்று தாய் சொல்லிவிடுகிறாள். காரணம், நோய், மருந்து மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. தமிழ் அறியாத பணியாளர் எழுதிக்கொள்வதோ, காய்ச்சல் என்று மட்டுமே. அறியாமை அவர் குற்றமன்று. பக்கத்தில் நின்று எடுத்துரைக்கத் தமிழர் ஒருவர் இல்லாததே குறை. இப்பணிக்குப் பட்டம் வேண்டியதில்லை. குடியிருப்பிலேயே வளர்ந்து தமிழும் இந்தியும் மராத்தியும் பேசும் இளைஞர்கள், பெண்கள், நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கின்றனர். ஆராய்ச்சிக்கு அவர்களைத் துணைவராகச் சேர்த்துக்கொண்டால், கேள்வி செம்மைப்படும், விடையும் உண்மையாகும்.

மக்கள் பக்கத்து மனத்தாங்கலையும் மறைக்கலாகாது. “எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், திரும்பி ஒருவரும் வரவில்லை” என்ற சலிப்பு இத்தகைய பகுதிகளில் பொதுவானது. சலிப்பு நியாயமானதே. ஆனால் கதவைச் சாத்திக்கொள்வதால் நமக்கு நன்மையில்லை. நம் குழந்தைகள் கணக்கிலேயே வாராமற் போவார்கள். வருகிறவரிடம் நாமும் கேட்கலாம்: எதற்காக இக்கேள்விகள்? பெயர் வெளியாகுமா? முடிவை எங்கள் சங்கத்தில் வந்து எங்கள் மொழியில் சொல்வீர்களா? என் குழந்தைக்குக் குறை கண்டால் எங்கே அனுப்புவீர்கள்? விரும்பாத வினாவுக்கு விடை மறுக்கும் உரிமையும் குடும்பத்துக்கு உண்டு. இவ்வளவுக்கும் முகங்கோணாமல் மறுமொழி கூறுபவரை உட்கார வைத்து ஒரு குவளைத் தேநீர் தரலாம்.

“வெளியே தெரிந்தால் நாளைக்குப் பெண்ணுக்கு வரன் வருமா?” என்று அஞ்சும் பெற்றோரும் உளர். அவர்களுக்கு வேலூரை நினைவூட்டலாம். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய மனநல மையத்தில், நோயுற்றவரைத் தனியே விட்டுச் செல்லாமல் குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கு கொள்ளும் முறை வேரூன்றியது. மறைத்து வைப்பதற்கு நேர்மாறான வழி அது. நம் தமிழ்நாட்டிலேயே பலகாலமாகப் பயன் தந்து வருவது.

மான்குர்த்திலிருந்து எட்டும் தொலைவில் சயான் மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு உண்டு. வேலையை விட்டுப் போக இயலாதவர்களுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இருக்கிறது. எண் 14416. பகலிரவு எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. எந்த மாநிலத்திலிருந்து அழைத்தாலும், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது தமிழ் என்று கேட்டுப் பெறுங்கள். குழந்தைக்கு ‘ஏக்கம்’ என்றே அவரிடம் சொல்லலாம்.