மடிப்பிள்ளையும் வயிற்றுப்பிள்ளையும்



மடியில் ஒன்றரை வயதுப் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கிறது. நாள் தள்ளிப்போகிறது. சோதித்துப் பார்த்தால் இரண்டு கோடு. கூட்டேரிப்பட்டு, மயிலம் சுற்றுவட்டாரத்தில் இப்படி ஒரு பெண் இருந்தால், பொழுது சாய்வதற்குள் வீட்டில் பேச்சு வந்துவிடும்: "இன்னியோட பாலை நிறுத்திடும்மா." மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு ஆயாவும் சொல்வார். வயிற்றில் ஒன்று வந்தபிறகு ஊறுவது கெட்ட பால், மூத்தது சவலை பாய்ந்துவிடும், உள்ளே இருப்பதன் ஊட்டத்தை வெளியே இருப்பது உறிஞ்சிவிடும் என்பார்கள். அந்தப் பெண்ணும் அழுதுகொண்டே மார்பில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொள்வாள்.

ஆயா சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். சவலைப் பிள்ளையை அவர் கண்ணால் பார்த்தவர். அடுத்தது உண்டானதும் மூத்ததற்குப் பால் நின்றது. பதிலுக்குக் கிடைத்தது கூழும் கஞ்சித்தண்ணீரும். சில மாதத்தில் கைகால் சூம்பியது, வயிறு முன்னே தள்ளியது, முடி செம்பட்டையானது, பிள்ளை எந்நேரமும் சிணுங்கியது. இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில், 1930களில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இதே பிள்ளைகளைப் பார்த்தார். தாய்ப்பாலை விட்டு மக்காச்சோளக் கூழில் வளர்ந்த பிள்ளைகள். 1933இல் அதைப் பற்றி எழுதினார். 1935இல் அந்த ஊர்ப் பெண்கள் வழங்கிய குவாஷியோர்கர் என்ற பெயரையே மருத்துவ உலகத்துக்குக் கொடுத்தார். அடுத்த பிள்ளை வருவதால் மூத்ததற்கு வரும் நோய் என்றுதான் அந்தப் பெண்களும் அதை அறிந்திருந்தார்கள். நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் 1950களில் இந்த நோயையும் ஏழைத் தாய்மாரின் பால் சுரப்பையும் ஆராய்ந்தார். நோயின் வேர் புரதமும் போதிய சாப்பாடும் இல்லாத தட்டில் இருந்தது.

ஆகவே ஆயா பார்த்தது உண்மை, பழியை மட்டும் பால்மேல் போட்டுவிட்டார். கர்ப்பிணியின் பால் கெட்டுப்போவதில்லை. அது திடீரென்று நின்று, அந்த இடத்துக்குப் பருப்போ முட்டையோ வராததுதான் பிள்ளையைச் சவலையாக்கியது. அதே பயத்தில் இன்றும் பாலை வெடுக்கென்று நிறுத்தினால், எதைத் தடுக்க நினைக்கிறோமோ அதற்கே வழி விடுகிறோம்.

கரு கலைந்துவிடுமோ என்பது இன்னொரு பயம். பிள்ளை சப்பும்போது தாயின் உடம்பில் ஆக்சிடோசின் சுரக்கிறது. பிரசவத்தில் கருப்பையைச் சுருங்க வைப்பதும் அதுவே. ஆனால் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கருப்பை அதற்குப் பெரிதாக அசைந்துகொடுப்பதில்லை. பிரசவம் நெருங்க நெருங்கத்தான் அந்த உணர்வு கூடும். அதனால் சிக்கலில்லாத கர்ப்பத்தில் பால் கொடுப்பதைத் தொடரலாம். முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், வயிற்றில் இரட்டைப் பிள்ளை உள்ளவர்கள், உதிரப்போக்கோ அடிவயிற்றில் விட்டுவிட்டு வலியோ உள்ளவர்கள், கணவனும் மனைவியும் சேர வேண்டாம் என்று டாக்டரிடம் அறிவுரை பெற்றவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடரக் கூடாது. திண்டிவனம் அரசு மருத்துவமனையும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன. உதிரம் பட்டால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

உள்ளே இருப்பதன் ஊட்டம் போய்விடுமே என்றால், போவது முதலில் தாயின் உடம்பிலிருந்து. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம். ஆறு மாதம் தாண்டிய கைக்குழந்தைக்குப் பால் தருபவருக்கு அது 520. இரண்டையும் ஒரே உடம்பு சுமக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை குடிப்பது குறைவுதான், என்றாலும் தாய்க்கு ஒரு வேளைச் சாப்பாடாவது கூட வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்தசோகை. இந்தக் கணக்குதான் என்னை உறங்கவிடாதது. பாலை நிறுத்து என்று சொல்ல ஒரு வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். நீ சாப்பிட்டாயா என்று கேட்க எத்தனை பேர்? வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைத் தின்னும் பழக்கம் இந்த மாதங்களிலாவது நிற்க வேண்டும். மல்லாட்டை நம் கொல்லையில் விளைகிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பருப்பு, முட்டை எதற்கும் பட்டணம் போக வேண்டியதில்லை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு கர்ப்பிணிக்கும் உண்டு. அதை வீட்டில் மற்றவர்கள் பங்கு போட வேண்டாம். நர்சம்மா தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு சேர்த்து விழுங்காதீர்கள்.

நான்காம் ஐந்தாம் மாதத்தில் பால் தானாகக் குறையும், சுவையும் மாறும். பல பிள்ளைகள் அப்போது தாமாகவே விட்டுவிடும். விடாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். தாய்க்கே காம்பு வலித்து, அலுத்துப்போய், நிறுத்த நினைத்தால் அதுவும் அவள் உரிமை. பகல் பாலை முதலில் குறைத்து, இராப் பாலைக் கடைசியாக நிறுத்தலாம். வேப்பெண்ணெய் தடவி, பிள்ளையை ஆயா வீட்டுக்கு அனுப்பி ஒரே நாளில் மறக்கடித்தால் மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வரலாம். பிள்ளைக்கு அம்மாவும் பாலும் ஒன்றாகப் பறிபோகும். மூத்தது ஒரு வயதுக்கும் குறைவென்றால் கதை வேறு: பால் குறைவது அதற்குப் பெரிய இழப்பு, மாதாமாதம் எடை பார்க்க வேண்டும்.

பால் கொடுக்கும்வரை மறுபடி உண்டாகாது என்று நம்பியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் வயது ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடிக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்த நம்பிக்கை பலிக்கும். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதமாவது இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏற்கெனவே உண்டாகிவிட்டவரை இதைச் சொல்லிக் குற்றவாளியாக்க வேண்டாம்.

பிரசவம் ஆனதும் சீம்பால் சின்னதற்குத்தான் முதலில். அது வயிறாரக் குடித்தபிறகு மூத்ததும் குடிக்கலாம். சில நாள் அதற்கு வயிறு இளகிப்போகும், பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது உங்கள் கிராம சுகாதார செவிலியர் வரும் நாளில் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.